தொடாமலே காஞ்சொறியை அடையாளம் காண்பது எப்படி: கணு முதல் காய் வரை முழுமையான வழிகாட்டி

வேலியோரத்தில் ஏதோ ஒரு செடி கையில் பட்டு எரிந்தால், அது எதுவானாலும் நம் ஊரில் காஞ்சொறிதான். சில ஊர்களில் செந்தட்டி என்பார்கள். தமிழ்நாட்டின் சமவெளியையும் மலையையும் சேர்த்துப் பார்த்தால், பட்டால் எரியும் செடிகள் குறைந்தது ஐந்து உண்டு. அவை ஒரே குடும்பமும் இல்லை.

முதல் இரண்டும் ஆமணக்குக் குடும்பம். ஒன்று சிறுகாஞ்சொறி, அதாவது டிராஜியா இன்வாலுக்ரேட்டா. அடுத்தது அதன் நெருங்கிய உறவான டிராஜியா ப்ளூக்கனெட்டி. மற்ற மூன்றும் ஆங்கிலத்தில் நெட்டில் என்று சொல்லும் கொட்டும் செடிகளின் குடும்பமான அர்ட்டிகேசியைச் சேர்ந்தவை: லபோர்ட்டியா இன்டரப்டா, நீலகிரி நெட்டில் என்று பேர் பெற்ற ஜிரார்டினியா டைவர்சிஃபோலியா, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் வளரும் டென்ட்ரோக்னைடி சினுவேட்டா.

இணையத்தில் நெட்டில் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இவற்றில் எதுவும் இல்லை. அது ஐரோப்பாவிலும் இமயமலைப் பக்கமும் வளரும் அர்ட்டிகா டையோயிக்கா. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மதுரையிலோ திருநெல்வேலியிலோ தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

புதிதாகச் செடி பார்க்க வருகிறவர்கள் அனேகமாக இலை விளிம்பில்தான் தொடங்குகிறார்கள். ரம்பப்பல் இருக்கிறது, ரோமம் இருக்கிறது, அப்படியானால் காஞ்சொறி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே இரண்டு அடையாளமும் எத்தனையோ சாதுவான செடிகளுக்கும் உண்டு. கீழே உள்ள வரிசையில் இலை வடிவத்தைப் பின்னால் வைத்திருப்பது அதனால்தான். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

## 1. கிளம்பும் முன்

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் கட்டாயம் வேண்டும். அப்புறம் 20 சென்டிமீட்டருக்குக் குறையாத இடுக்கி, சின்னக் கத்தரி, ஸ்கேல், ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கறுப்புமான அட்டை, அகலமான ஒட்டுநாடா, நோட்டு, பென்சில். ஒட்டுநாடா எதற்கு என்பது கடைசிப் பகுதிக்கு முன்னால் வரும். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கையுறை தடித்த தோலில் இருக்க வேண்டும். நூல் கையுறையின் இடைவெளியில் சுணை, அதாவது செடியின் கொட்டும் ரோமம், நேராக உள்ளே வரும். ஊசி போடும்போது நர்ஸ் போட்டுக்கொள்ளும் மெல்லிய ரப்பர் கையுறையையும் துளைத்துவிடும். முழுக்கை, முழுக்கால்சட்டை, மூடிய ஷூ. செருப்போடு வருகிறவர்களுக்குக் கணுக்காலில்தான் முதலில் படுகிறது, ஏனென்றால் காஞ்சொறிக் கொடி தரையில் புல்லோடு புல்லாகவும் ஓடும்.

சமவெளியில் மார்கழி முதல் தை வரை நல்ல பருவம். வடகிழக்கு மழை ஓய்ந்து, ஒரே கொடியில் பூவும் காயும் சேர்ந்து கிடைக்கும். மலையில் என்றால் தென்மேற்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் போங்கள். காய் இல்லாத காலத்தில் போனால் பாதி அடையாளம் கையில் இருக்காது.

நேரமும் முக்கியம். காலை ஏழு முதல் ஒன்பது வரை, இல்லாவிட்டால் சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு. சாய்வெயில் செடிக்குப் பின்னாலிருந்து விழும்போதுதான் சுணை மினுங்கித் தெரியும். உச்சி வெயிலில் அதே செடி மொழுமொழுவென்று இருப்பதாகத் தோன்றும்.

காப்புக்காட்டுக்குள் நுழையவும் செடி பறிக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ளதில் பெரும்பகுதியை ஊர் வேலியிலும் சாலையோரத்திலுமே பழகிக்கொள்ளலாம்.

## 2. எட்டி நின்று: கொடியா, சிறுசெடியா, மரமா?

இரண்டு மீட்டர் தள்ளி நின்று இந்தக் கேள்விக்கு மட்டும் விடை எழுதுங்கள். ஐந்தில் பலவற்றை இந்த ஒரு கேள்வியே பிரித்துவிடும். கிட்டே போகலாமா கூடாதா என்பதையும் இதுவே சொல்லிவிடும்.

மெல்லிய தண்டு, தானே முறுக்கிக்கொண்டு வேலியிலோ பக்கத்துச் செடியிலோ ஏறுகிறதா? டிராஜியா இனமாக இருக்கலாம். கருவேல வேலி, காய்ந்த புதர், கோயில் மதில், பனங்காட்டு ஓரம் என்று வறண்ட இடங்களில் பார்க்கலாம்.

முழங்கால் முதல் இடுப்பு உயரம், நிமிர்ந்த சிறுசெடி, ஈரமும் நிழலும் உள்ள குப்பைமேடு, வீட்டுப் பின்புறம், தோப்பு ஓரம்? லபோர்ட்டியாவை மனதில் வையுங்கள். மழைக்கு முளைத்து அந்தப் பருவத்திலேயே முடிந்துவிடும் செடி இது.

ஆளுயரத்துக்கும் மேலே தடித்த தண்டுகள் கூட்டமாக நிற்கின்றன. இடம் ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் மாதிரியான உயர்மலையில் சோலைக்காட்டு ஓரம் அல்லது ஓடைக்கரை. அது ஜிரார்டினியாவாக இருக்க நிறையவே வாய்ப்புண்டு.

பசுமைமாறாக் காட்டின் நிழலில், கிளை நுனியில் பெரிய பெரிய இலைகளுடன் நிற்கும் புதர் அல்லது சிறுமரம் டென்ட்ரோக்னைடியாக இருக்கலாம். இதை நெருங்கவே வேண்டாம். மலையாளத்தில் ஆனவிரட்டி என்கிறார்கள், யானையே விலகிப் போகும் என்ற பொருளில். இதன் எரிச்சல் நாள்கணக்கில் நீடிக்கும். தணிந்ததுபோல் இருந்து, தண்ணீர் பட்டால் திரும்ப எழும். ஆஸ்திரேலியாவின் கிம்பி கிம்பி மரமும் இதே டென்ட்ரோக்னைடி இனம்தான். அதன் சுணையில் நரம்பைத் தாக்கும் புரதச் சங்கிலிகள் இருப்பதை 2020-இல் கண்டறிந்தார்கள்.

## 3. தண்டின் நடுவில் இலை அமைவைப் பாருங்கள்

ஒரு கணுவில் ஓர் இலையா, எதிரெதிராக இரண்டா? இதுதான் அடுத்தது.

நம் ஐந்து செடிகளிலும் கணுவுக்கு ஓர் இலைதான், மாற்றிலை அமைவு. இணையப் படத்தில் உள்ள அர்ட்டிகா டையோயிக்காவுக்கு எதிரிலை அமைவு. தண்டும் நான்கு பட்டையாக இருக்கும். ஆகவே சமவெளியில் எதிரெதிர் இலையும் சதுரத் தண்டுமாக ஒரு செடியைப் பார்த்து நெட்டில் என்று எண்ணினால், உங்கள் முன்னால் நிற்பது பெரும்பாலும் துளசிக் குடும்பச் செடி. உயர்மலையில் மட்டும் எதிரிலை என்பதற்காகவே ஒரு செடியை ஒதுக்கிவிட வேண்டாம். அடுத்த படிகளையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

நுனியை வைத்து இதைச் சொல்லக் கூடாது. நுனியில் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு இன்னும் நீளவில்லை, இலைகள் நெருங்கி நிற்பதால் மாற்றிலையும் எதிரிலையாகத் தெரியும். கொடி முறுக்கிக்கொள்ளும் இடத்திலும் இதே தொல்லை. தண்டின் நடுப்பகுதியில், அடுத்தடுத்து மூன்று கணுக்களையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள்.

## 4. கணுவில் இலையடிச் செதில்: இங்கேதான் நிதானம் வேண்டும்

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சின்னதாக இருக்கும் செதில்தான் இலையடிச் செதில். புதியவர்கள் அனேகமாகப் பார்க்காமல் விடுவது இதைத்தான். பூவும் காயும் இல்லாத காலத்திலும் குடும்பத்தைச் சொல்லக்கூடியது இது என்பதால் இந்தப் படிக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

நுனியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது இலையைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள முதிர்ந்த கணுக்களில் செதில் உதிர்ந்து தழும்பு மட்டும்தான் இருக்கும். இடுக்கியால் இலைக்காம்பை மெல்ல விலக்கிப் பிடித்து, பின்னால் வெள்ளை அட்டையை வைத்து, லென்ஸை பக்கவாட்டில் கொண்டுபோங்கள். முகத்தைச் செடிக்கு நேராகக் குனியாதீர்கள். காற்றடித்தால் கொடி ஆடும், அது ஆடிவந்து படும் இடம் கண்ணாகவும் இருக்கலாம். லென்ஸ் சரியாக வராவிட்டால் போனில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

காணப்போவது இதுதான். டிராஜியாவில் காம்பின் இரு பக்கமும் தனித்தனியாக இரண்டு சிறு செதில்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாது.

லபோர்ட்டியாவிலும் ஜிரார்டினியாவிலும் அந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, காம்புக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரே செதிலாக நிற்கும். நுனி மட்டும் இரண்டாகப் பிளந்திருக்கும். ஜிரார்டினியாவில் இது ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே நீளும், லென்ஸ் இல்லாமலே தெரியும். டென்ட்ரோக்னைடியிலும் ஒன்றிய செதில்தான். ஆனால் சீக்கிரம் உதிர்ந்துவிடும், மொட்டுக்கருகில் மட்டுமே மிஞ்சும்.

ஒப்பிட்டுப் பார்க்க, அர்ட்டிகா டையோயிக்காவில் எதிரெதிர் இலைகளுக்கு இடையே கணுவுக்கு நான்கு செதில், நான்கும் தனித்தனி. இமயமலைப் பக்கம் போகிறவர்கள் அங்கே இதைச் சரிபார்க்கலாம்.

தனித்தனி இரண்டா, ஒன்றியதா என்று நோட்டில் எழுதி அடிக்கோடிடுங்கள். பின்னால் இலை வடிவம் உங்களை வேறு பக்கம் இழுத்தாலும் இந்தக் குறிப்பு பிடித்து நிறுத்தும்.

## 5. சுணை: கொட்டுமா என்பதைச் சொல்லும், யார் என்று சொல்லாது

இப்போது வெயிலுக்கு எதிர்ப்பக்கம் வந்து, செடி உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கும்படி நில்லுங்கள். கறுப்பு அட்டையைச் சற்றுத் தள்ளிப் பின்னணியாகப் பிடியுங்கள். இலையின் மேற்பரப்பை விட்டுவிடுங்கள். இலைக்காம்பு, இலையின் அடிப்பக்க நரம்பு, பூக்காம்பு, இந்த மூன்று இடம் போதும். சுணை அடர்ந்திருப்பது அங்கேதான்.

சாதாரண ரோமமும் கொட்டும் சுணையும் கலந்தேதான் இருக்கும். சாதாரண ரோமம் மெல்லியது, வளைந்தோ படிந்தோ கிடக்கும். கொட்டும் சுணை விறைப்பாக எழுந்து நிற்கும், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், நெட்டில் குடும்பத்தில் அடியில் பச்சையாக ஒரு சின்னப் புடைப்பும் இருக்கும். ஜிரார்டினியாவில் சுணை அரை சென்டிமீட்டர் அளவுக்கு நீளும், வெறுங்கண்ணுக்கே தெரியும். டிராஜியாவில் குட்டையாக இருக்கும், லென்ஸ் தேவை.

இரண்டு குடும்பத்திலும் எரிச்சல் உண்டாகும் விதம் வேறு. நெட்டில் குடும்பத்தில் சுணை என்பது ஒரே நீண்ட செல். அதன் நுனி சிலிக்காவால் ஆனது, கண்ணாடிபோல் எளிதில் உடையும். அர்ட்டிகாவில் அந்த நுனியில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. தோல் பட்டதும் குமிழ் சாய்வாக உடைந்து ஊசிமுனையாகி, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீரைச் செலுத்திவிடுகிறது. அந்த நீரில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரோட்டோனின் எல்லாம் உண்டு.

டிராஜியாவின் சுணையில் சிலிக்கா நுனி இல்லை. நடுச் செல்லுக்குள் கால்சியம் ஆக்ஸலேட் படிகம் ஒன்று கூர்மையாக நிற்கிறது. செல் சுவர் அமுங்கும்போது அந்தப் படிகமே வெளியே வந்து தோலைக் குத்தும்.

இந்த வேறுபாட்டைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும், 10 மடங்கு லென்ஸில் எட்டாது. அதனால் சுணையை மட்டும் வைத்துச் செடிக்குப் பேர் வைக்காதீர்கள். "எரிகிறதா பார்ப்போம்" என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தால் கிடைப்பதும் ஒன்றுமில்லை; ஐந்துமே எரியும், தோலுக்குத் தோல் எரிச்சலின் அளவும் மாறும்.

இரண்டு எச்சரிக்கைகள். டென்ட்ரோக்னைடியின் இலை பளபளப்பாக, சுணையே இல்லாததுபோல் தோன்றும். சுணை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்தது, காய்ந்த செடியும் கொட்டும். சிலிக்காவும் படிகமும் வாடிப்போவதில்லை.

## 6. இப்போதுதான் இலை

டிராஜியா இன்வாலுக்ரேட்டாவின் இலை பிளவில்லாதது. நீள்வட்டம் முதல் அகன்ற முட்டை வடிவம் வரை, விளிம்பில் ரம்பப்பல், அடியிலிருந்து மூன்று முக்கிய நரம்புகள். ஒரே கொடியிலேயே அகலம் மாறிக்கொண்டு போகும், ஆகவே ஓர் இலையை மட்டும் அளக்காதீர்கள். டிராஜியா ப்ளூக்கனெட்டியின் இலை அடி வரை மூன்றாகப் பிளந்திருக்கும், நடுப்பிளவுதான் நீளம். இந்த இரண்டையும் பிரிக்க மட்டும் இலை வடிவம் உதவுகிறது.

லபோர்ட்டியா இலை முட்டை வடிவம், சீரான பல், நீண்ட மெல்லிய காம்பு. ஜிரார்டினியா இலை உள்ளங்கையைவிடப் பெரிது. மூன்று முதல் ஏழு வரை ஆழமான பிளவுகள், கரடுமுரடான பெரிய பற்கள். ஆனால் அதிலும் சில இலைகள் பிளவே இல்லாமல் வரும். தாவரவியலில் வைத்த டைவர்சிஃபோலியா என்ற பெயரே பலவித இலை உள்ளது என்றுதான் பொருள்படும்.

டென்ட்ரோக்னைடியில் பெரும்பாலும் பல்லே இருக்காது. விளிம்பு நேராகவோ அலையலையாகவோ போகும். ரம்பப்பல்லைத் தேடிப் பழகியவர்கள், ஐந்தில் மிக ஆபத்தான இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இலையில் கடித்த தடம் இருந்தால் புழுவைத் தேடிப் பாருங்கள். ஆமணக்கில் மேயும் காமன் காஸ்டர் வண்ணத்துப்பூச்சியின் புழு டிராஜியாவிலும் மேயும். ஜோக்கர் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கும் டிராஜியாதான் உணவு. நீலகிரியில் ஜிரார்டினியா இலையை மடித்து உள்ளே இருப்பது இந்தியன் ரெட் அட்மிரலின் புழுவாக இருக்கலாம், அது நெட்டில் குடும்பத்தைத் தேடிப் போவது. புழுவை வைத்து முடிவு சொல்ல முடியாது. இருந்தாலும் குடும்பம் எது என்று நீங்கள் எழுதியதற்கு அது நல்ல துணைச் சான்று.

## 7. பூவும் காயும்

இரண்டு குடும்பத்திலும் பூ பச்சையாக, இதழ் அழகு எதுவும் இல்லாமல் இருக்கும். பூவே இல்லை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். இலைக்கோணத்திலும் தண்டு நுனியிலும் மெல்லிய காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் மஞ்சரி, அதாவது பூங்கொத்து.

டிராஜியா: ஒரே மெல்லிய காம்பில் மேற்பாதியில் ஆண் பூக்கள் வரிசையாக, அடியில் ஒன்றிரண்டு பெண் பூக்கள். பெண் பூவில் சூலகத்தண்டு மூன்று கிளை. அதன் ஆறு புல்லி இதழ்களும் சீப்புப் பல்லாகப் பிளந்து, காய் முற்ற முற்றப் பெரிதாகிக் காயைச் சுற்றி விறைத்து நிற்கும். அந்தப் புல்லி இதழ்கள்மேல் மூன்று பகுதியாகப் புடைத்த ஒரு சிறிய காய் உட்கார்ந்திருக்கும், மேலெல்லாம் சுணை. முற்றியதும் வெடித்து மூன்று உருண்டை விதைகள் விழும். ஆமணக்கு முத்து மூன்றறைக் காயில் இருப்பதை நினைத்துக்கொண்டால் உறவு புரிந்துவிடும். இந்தக் காயை ஒருமுறை லென்ஸில் பார்த்தவர்கள் அப்புறம் டிராஜியாவை வேறெதோடும் குழப்பிக்கொள்வதில்லை.

நெட்டில் குடும்பம்: சூலகமுடி ஒன்றே ஒன்று. காயில் ஒரே விதை, காய் வெடிக்காது. ஆண் பூவில் நான்கோ ஐந்தோ மகரந்தத் தாள்கள் மொட்டுக்குள் உள்நோக்கி மடிந்திருக்கும். விரியும்போது வெடுக்கென்று நிமிர்ந்து மகரந்தத்தைத் தூவும். காலை வெயில் ஏறும்போது கறுப்பு அட்டைக்கு முன்னால் பொறுமையாகப் பார்த்தால் சின்னப் புகைபோல எழுவது தெரியும்.

இதற்குள் லபோர்ட்டியாவைப் பிரிப்பது எளிது. நீண்டு மெலிந்த மஞ்சரித் தண்டில் பூக்கள் கொத்துக் கொத்தாக, நடுநடுவே வெறும் தண்டு தெரியும்படி விட்டு விட்டு அமைந்திருக்கும். காய் தட்டையானது, ஓரிரு மில்லிமீட்டர்தான். ஜிரார்டினியாவின் பெண் மஞ்சரி முற்றும்போது நீண்ட சுணை அடர்ந்து, காம்பில் கம்பளிப்புழு தொங்குவது போலிருக்கும். செடியிலேயே அதிகம் கொட்டும் பகுதி அது, இடுக்கி இல்லாமல் அதன் பக்கம் கை போக வேண்டாம்.

## 8. ஏமாற்றும் சாதுச் செடிகள்

குழப்பம் இரு பக்கமும் நடக்கிறது. ஒன்றுமில்லாத செடியைப் பார்த்துப் பயப்படுவது ஒரு பக்கம். கீரை என்று நினைத்துக் கொட்டும் செடியைப் பறிப்பது மறுபக்கம். இரண்டாவதுதான் கவலைக்குரியது.

முசுமுசுக்கை பறிக்கிறவர்கள் இதைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முசுமுசுக்கையும் வேலியில் ஏறும், இலையும் தண்டும் சொரசொரவென்று இருக்கும், இலை பிளவுபட்டும் வரும். டிராஜியா ப்ளூக்கனெட்டியோடு பின்னிக்கொண்டே கூட வளரலாம். ஆனால் முசுமுசுக்கை பூசணிக் குடும்பம், பற்றுக்கம்பி (சுருண்டு பிடித்துக்கொள்ளும் மெல்லிய நூல்) விட்டு ஏறும். டிராஜியாவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே முறுக்கி ஏறும். முசுமுசுக்கையின் பூ மஞ்சள், காய் உருண்டு பழுத்துச் சிவக்கும். பற்றுக்கம்பியைக் கண்ணால் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஒரு பிடியாக உருவாமல், இலை இலையாகக் கிள்ளுவதும் நல்லது.

குப்பைமேனியை லபோர்ட்டியா என்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டும் குப்பைமேட்டில், ஒரே உயரத்தில், நீண்ட காம்புள்ள பல்விளிம்பு இலையோடு, மாற்றிலை அமைவில் நிற்கும். குப்பைமேனியில் மஞ்சரிக் காம்பில் கிண்ணம் மாதிரி பச்சைப் பூவடிச் செதில் விரிந்திருக்கும், அதற்குள் பெண் பூ. லபோர்ட்டியாவில் அப்படி எதுவும் இல்லை. இலையடிச் செதிலும் இங்கே கைகொடுக்கும்: ஒன்றியிருந்தால் குப்பைமேனி அல்ல.

வேலிப்பருத்தி எதிரிலை, இதய வடிவம், கிள்ளினால் பால் வரும். டிராஜியா ஆமணக்குக் குடும்பமாக இருந்தாலும் பால் வராது. பேய்மிரட்டிக்குச் சதுரத் தண்டும் எதிரிலையும் உதடு பிரிந்த பூவும் உண்டு, கொட்டாது.

பூனைக்காலி தனி ரகம். அதன் இலை மூன்று சிற்றிலை, பூ கரும் ஊதா, அவரைக் குடும்பம். அரிப்பு தருவது காயின் மேல் உள்ள பொன்னிறச் சுணை; அது கழன்று காற்றில் பறந்தே தோலில் ஒட்டும். கொட்டும் செடிகளின் சுணை பெரும்பாலும் அப்படிப் பறக்காது, தொட்டால்தான் படும். பக்கத்தில் நின்றதற்கே அரித்தால் காற்று வரும் திசையில் பூனைக்காலி காய்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இமயமலை ஊர்களிலும் ஐரோப்பாவிலும் நெட்டில் கொழுந்தை வேகவைத்துச் சாப்பிடும் வீடியோக்கள் ஏராளம். அதில் இருப்பது அர்ட்டிகா. நம் வேலியில் இருப்பது டிராஜியா, குடும்பமே வேறு. அந்தச் சமையல் குறிப்பை இந்தச் செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். செந்தட்டி சித்த மருத்துவத்தில் பயன்படுவது உண்மைதான். அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

## 9. பட்டுவிட்டால்

தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள். உடைந்து தங்கிய சுணை தேய்க்கத் தேய்க்க இன்னும் உள்ளே போகும்.

முதலில் ஒட்டுநாடாவை எரிகிற இடத்தில் அழுத்தி ஒட்டி, விருட்டென்று இழுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. இதைச் சில தடவை செய்த பிறகுதான் சோப்பும் தண்ணீரும். முதலிலேயே தண்ணீர் விட்டுக் கழுவித் தேய்ப்பது, அதுவும் டென்ட்ரோக்னைடி பட்ட இடத்தில், நிலைமையை மோசமாக்கும். அப்புறம் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம்.

காஞ்சொறி எரிச்சல் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு வாங்கினால், கண்ணில் பட்டிருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். செடியின் படத்தையும் கூடவே காட்டுங்கள். போட்டிருந்த துணியில் சுணை ஒட்டியிருக்கும், மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

## 10. பதிவு செய்யும் வரிசை

மேலிருந்து எடுத்த ஒரே ஓர் இலைப் படத்தை அனுப்பி "இது என்ன?" என்று கேட்டால் எவ்வளவு தேர்ந்தவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேலே பார்த்த படிகளின் வரிசையிலேயே படமெடுங்கள்.

முழுச்செடி, அதன் சுற்றுப்புறத்தோடு. தண்டின் நடுப்பகுதி, குறைந்தது மூன்று கணு தெரியும்படி. நுனியிலிருந்து மூன்றாவது கணு, செதில் தெரியும்படி பக்கவாட்டில். இலைக்காம்பின் சுணை, கறுப்புப் பின்னணியில். இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும், பக்கத்தில் ஸ்கேலோடு. கடைசியாக மஞ்சரியும் காயும். காயை மட்டும் பல கோணங்களில் எடுங்கள், ஒன்றாவது தெளிவாக விழும்.

நோட்டில் தேதி, ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், நிழலா வெயிலா, தண்டு ஏறியது பற்றுக்கம்பியாலா முறுக்கியா என்று எழுதுங்கள். படத்தில் விடுபடுவதும், வீட்டுக்கு வந்த பிறகு நினைவில் நிற்காததும் இவைதான்.

உலர்மாதிரி எடுப்பதானால் கத்தரியால் வெட்டி, இடுக்கியால் எடுத்துச் செய்தித்தாளில் வையுங்கள். ஒரு கணுவாவது முழுதாக, காயோடு இருக்க வேண்டும். தாளின் வெளிப்பக்கம் "கொட்டும் செடி, வெறுங்கையால் தொடாதீர்கள்" என்று பெரிதாக எழுதி, தேதியும் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.